குப்பையிற் பிறக்கும் மின்சாரமும் சிறு சேமிப்பும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைப் பேணுதல் அதனினும் அரிது. நம் மலைநாட்டிலே முன்னோர் அறிந்திருந்த சேமிப்பு வழிகள் மிகச் சிலவே. காதிலும் கழுத்திலும் அணியும் பொன், லயத்து அயலாரோடு கூடிப் பிடிக்கும் சீட்டு, தபாற் கந்தோர்ச் சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றோடு அவர்கள் அமைந்தனர். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஊழியர் சேமலாப நிதி வந்தது. வேதனத்தில் ஊழியர் நூற்றுக்கு எட்டும், வேலைகொள்வோர் நூற்றுக்குப் பன்னிரண்டும் அந்நிதிக்கு இடுகின்றனர். முப்பது ஆண்டு கொழுந்து பறித்த தாயொருத்தி ஓய்வுபெறும் நாளில் ஒருங்கே காணும் பெரும்பணம் இதுவே. அதனை என்ன செய்வதென்று அவள் கேட்பது, கல்லூரியிற் படித்த தன் மகனைத்தான்.

அந்த மகனுக்கு இன்று பலர் பலவாறு அறிவுரை கூறுகின்றனர். அவற்றுள் ஒன்று, புதிய தொழில்நுட்பக் கம்பனிகளின் பங்குகளை வாங்குக என்பது. குப்பையிலிருந்து மின்சாரமும் எண்ணெயும் எடுக்கும் கம்பனிகள் இவ்வகையில் அடிக்கடி பேசப்படுவன. இது குறித்துச் சிறு சேமிப்பாளர் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுதலை நாம் ஆசிரியர் அறைகளிலும் கேட்கின்றோம்; அட்டன் கடைத்தெருவிலும் கேட்கின்றோம். "குப்பை என்றும் குறையாது, மின்சாரத்தின் தேவையும் குறையாது, விலை மலிந்திருக்கும்போதே வாங்குவோன் அறிவாளி. தேயிலையும் ஒருகாலத்திற் புதுமைதானே?" என்பது ஒரு கட்சி. "கண்ணாற் காணாத இயந்திரத்திற்குக் காசு கொடாதே, வங்கியில் இட்டுவிட்டு உறங்கு" என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. இரண்டும் முழு உண்மை அல்ல. இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பங்கு என்பது யாது எனத் தெளிதல் வேண்டும். வங்கியில் இடும் பணம் கடன்; வங்கி அதனை வட்டியோடு திருப்பித் தரக் கடமைப்பட்டது. பங்கு கடன் அன்று; உடைமை. கம்பனிக்கு இலாபம் வரின் பங்கிலாபம் கிடைக்கலாம். நட்டம் வரின் கேட்க உரிமை இல்லை. கம்பனி கலைக்கப்படும் நாளில் கடன்காரர் அனைவரும் பெற்ற பின் எஞ்சியதே பங்குதாரருக்கு உரியது. இது நம்மவர்க்கு முற்றிலும் புதியதன்று. 1992 ஆம் ஆண்டில் அரச தோட்டங்களைப் பொறுப்பேற்க 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன; பின்னர் அவை தனியார்வசமானபோது, பங்குகளில் நூற்றுக்குப் பத்து ஊழியர்க்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. ஆகவே, தம்மை அறியாமலே பங்குதாரர் ஆனோர் இம்மலைகளிற் பலர்.

இனி, புதிய தொழில்நுட்பக் கம்பனி ஒன்றன் பங்கை வாங்க எண்ணுவோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே வினவுதல் வேண்டும் என்பது நம் கருத்து. இத்தொழில்நுட்பம் இயற்கையில் இயலுவதா? நம்மிடமுள்ள பொருளைக் கொண்டு, பெரிய அளவில், நாள்தோறும் இயலுமா? இயன்றால், அதன் இலாபம் பங்குதாரரை வந்தடையுமா? முதல் வினாவுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்ததும் ஏனைய இரண்டுக்கும் 'ஆம்' எனக் கொண்டுவிடுவதே சிறு சேமிப்பாளர் பலரும் இடறும் இடமாகும்.

முதல் வினாவுக்கு விடை எளிது. குப்பையை எரித்தால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் கொதிகலனில் நீராவி எழும். நீராவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்பிறப்பாக்கியை இயக்கும். ஐரோப்பிய நாடுகளிலும் யப்பானிலும் இவ்வாறு இயங்கும் நிலையங்கள் பல. இதில் மாயம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வினாவிற்றான் சிக்கல் தொடங்குகின்றது. தேயிலைத் தொழிற்சாலையைக் கண்ட மாணவர் எவருக்கும் இச்சிக்கல் எளிதில் விளங்கும். ஏறத்தாழ நாலரைக் கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலையே கிடைக்கின்றது. போனது பெரும்பாலும் நீர். அந்நீரைப் போக்கக் கொழுந்தை வாட்டுகின்றோம். அடுப்பில் விறகெரித்து உலர்த்துகின்றோம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 600 கிலோகலோரி வெப்பம் செலவாகும். நம் நாட்டுக் குப்பையோ காய்கறித் தோலும், சோற்று மீதியும், தேங்காய்ப்பூச் சக்கையும் மலிந்தது, மழையிலும் நனைந்தது, அதன் எடையிற் பாதிக்கு மேல் நீரே. ஈரவிறகை அடுப்பில் இட்டவர் அறிவர், அது பிறரைச் சுடுமுன் தன்னை உலர்த்திக்கொள்ளவே தன் வெப்பத்தைச் செலவிடும் என்பதை. குளிர்நாட்டின் காகிதமும் நெகிழியும் நிறைந்த குப்பைக்கென அமைத்த இயந்திரம் நம் குப்பையிடம் தோற்பது இதனாலேயே.

இதற்குச் சான்று டில்லி மாநகரின் திமார்ப்பூர். 1987 இல் அங்கே தென்மார்க்கு நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு, நாளொன்றுக்கு 300 தொன் குப்பையை எரித்து 3.75 மெகாவாற்று மின்சாரம் பெற ஒரு நிலையம் அமைத்தனர். கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1460 கிலோகலோரி தரும் குப்பையை அந்நிலையம் வேண்டிற்று. வந்த குப்பை தந்ததோ 600 முதல் 700 வரையே. சில வார ஓட்டத்தோடு நிலையம் ஓய்ந்தது. பழுது இயந்திரத்தின்மேல் அன்று; இடப்பட்ட பொருளுக்கும் இயந்திரத்துக்கும் பொருத்தம் இன்மையே பழுது.

ஆயின் இது நம் நாட்டில் இயலவே இயலாதென்று முடிவு கட்டுதலும் தவறு. 2017 ஏப்பிரில் 14 ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். குப்பையை மலையாகக் குவிப்பதன் கொடுமையை நாடு அன்று கண்டது. 2021 பெப்ரவரியில் கெரவலப்பிட்டியில் நாட்டின் முதலாவது குப்பை மின்நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 600 முதல் 800 தொன் வரை குப்பையைக் கொண்டு 10 மெகாவாற்று மின்சாரத்தைத் தேசிய மின்வலையமைப்புக்கு அளிக்க அமைந்தது அது. 700 தொன் எனக் கொண்டு கணக்கிட்டால், ஒரு தொன் குப்பைக்கு ஏறத்தாழ 340 அலகு மின்சாரம். இக்கணக்கை நம் மாணவர் தாமே செய்து பார்க்கலாம். ஒரு கம்பனி இதனினும் பன்மடங்கு தருவதாகக் கூறின், குப்பையின் ஈரத்தை என்ன செய்தீர் என்று கேட்க வேண்டும். அட்டன், நுவரெலியா, தலவாக்கலை ஆகிய ஊர்களின் குப்பை முழுவதையும் கூட்டினும் கெரவலப்பிட்டியின் நாளுணவுக்குப் போதாது. ஆகவே, பெருநகர்க்குப் பொருந்தியது சிற்றூர்க்கும் பொருந்தும் எனலும் ஆகாது.

கெரவலப்பிட்டி நிலையத்தில் வேறொரு பாடமும் உண்டு. அதனை அமைத்தது எயிட்கன் ஸ்பென்ஸ் என்னும் பல தொழில் நடத்தும் கம்பனியின் துணைக்கம்பனி. விடுதி, கப்பற்றொழில் முதலியவற்றின் வருவாயுடையோர் ஒரு முயற்சியின் தாமதத்தைத் தாங்குவர். பிரித்தானியாவின் தீஸ் பள்ளத்தாக்கில் எயார் புரொடக்ட்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி, மிக உயர்ந்த வெப்பத்தாற் குப்பையை வாயுவாக்கி மின்சாரம் பெற இரு நிலையங்களை எழுப்பியது. எண்ணியபடி இயங்காமையால் 2016 இல் அம்முயற்சியைக் கைவிட்டது. நட்டம் ஏறத்தாழ நூறு கோடி டொலர். வேறு தொழில்கள் இருந்தமையாற் கம்பனி பிழைத்தது. அத்தொழில்நுட்பம் ஒன்றையே நம்பிய சிறு கம்பனியாயின் அதன் பங்குப் பத்திரம் வெறுந்தாள் ஆகியிருக்கும்.

அவ்வாறு ஆனதற்கும் சான்று உண்டு. மரச் சீவல்களிலிருந்து எரியெண்ணெய் எடுப்போம் என்று கியோர் என்னும் கம்பனி 2007 இல் ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டில், பங்கொன்று 15 டொலராகப் பொதுமக்களிடம் விற்று, 15 கோடி டொலர் திரட்டியது. மிசிசிப்பி மாநில அரசும் 7½ கோடி டொலர் கடன் அளித்தது. அங்கே எழுந்த ஆலை எதிர்பார்த்த அளவில் ஓடவில்லை. 2014 நவம்பரிற் கம்பனி வங்குரோத்து அடைந்தது. ஒரு தொன் மரத்துக்கு எத்துணை எண்ணெய் கிடைக்கும் என்பதில் முதலீட்டாளர் தவறாக நம்பச் செய்யப்பட்டனர் என்று 2016 இல் அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணைக்குழு குற்றஞ்சாட்டிற்று. மரத்திலிருந்து எண்ணெய் வரும் என்பது மெய். எத்துணை வரும், என்ன செலவில் வரும் என்பதே வினா.

மூன்றாம் வினாவுக்கு விடைகாண அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. நுவரெலியாவுக்கு அருகேயுள்ள ஹக்கலைப் பூங்காவுக்குச் சென்றாற் போதும். சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861 இல் அப்பூங்கா நிறுவப்பட்டது. அம்மரப்பட்டையிற் கிடைக்கும் கொயினா குளிர்காய்ச்சலைத் தீர்ப்பது. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோயாற் கோப்பித் தோட்டங்கள் அழியத் தொடங்கவே, துரைமார் பலர் சிங்கோனாவை நட்டனர். மருந்து மெய், தேவையும் மெய், விலையும் தொடக்கத்தில் உயர்ந்தே இருந்தது. ஆயினும் எல்லோரும் ஒருங்கே நட்டமையால் 1880 களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டை கப்பலேறியது. யாவாத் தீவிலோ கொயினா மிகுந்த இனம் விளைந்தது. விலை வீழ்ந்தது, மரங்கள் வெட்டப்பட்டன. உலகம் நலம் பெற்றது. முதலிட்டோர் நட்டம் பெற்றனர். ஒரு பொருள் உலகுக்குப் பயன்படுதல் வேறு. அதில் முதலிட்டவனுக்குப் பயன்படுதல் வேறு. அக்காலத்திலேயே, 1884 மே மாதத்தில், கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியன்டல் வங்கியும் கதவடைத்தது என்பதை, வங்கியை நம்பி உறங்குவோரும் நினைவிற் கொள்ளல் நன்று.

"தேயிலையும் புதுமைதானே?" என்றாரன்றோ முதற் கட்சியார்? ஆம். ஆயின் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் நட்டது 19 ஏக்கரே. 1873 இல் இலண்டனுக்குச் சென்ற தேயிலை 23 இறாத்தலே. செடி மலையில் வளருமா, இலை நல்ல தேயிலை ஆகுமா என்பன சிறிய அளவிற் சோதித்து அறியப்பட்ட பின்னரே பெருமுதல் வந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர லக்ஷபானாவில் நீர்மின்சாரம் பெறலாம் என்று 1918 இல் எடுத்துரைத்தார். மின்சாரம் பிறந்தது 1950 இல். அவர் கூறியது முற்றிலும் உண்மை; ஆயினும் 32 ஆண்டுகள் கழிந்தன. அரசு அவ்வளவு காலம் காத்திருக்கலாம். ஓய்வூதியம் இல்லாத தாயின் சேமலாப நிதி காத்திருக்க இயலுமா?

காத்திருக்கும் காலத்திற் கம்பனிக்குப் பணம் வேண்டும். வருவாய் இல்லாத கம்பனி மேன்மேலும் புதிய பங்குகளை விற்கும். நூறு பங்குள்ள கம்பனியிற் பத்துப் பங்கு உடையவன் பத்தில் ஒரு பாகத்துக்கு உரியவன். மேலும் நூறு பங்கு பிறருக்கு விற்கப்படின், அவன் கையிலுள்ள பத்திரம் குறையாமலே அவன் பாகம் இருபதில் ஒன்றாகும். இயந்திரம் இறுதியில் வென்றாலும், தொடக்கத்தில் நம்பியவன் பெறுவது சிறுதுளியாய்ப் போகலாம்.

ஆகலின், பங்கு வாங்குமுன் வினவத்தக்கவை இவை: இயந்திரம் முழு அளவில் எங்கே, எத்தனை மாதம் தொடர்ந்து ஓடியது? அங்கே இட்டது எத்தகைய குப்பை? மின்சாரத்தை வாங்குவோர் யார். விலை எழுத்தில் உண்டா? குப்பையை ஏற்கக் கட்டணம் தருவோர் யார்? கையிலுள்ள பணம் எத்தனை மாதத்துக்குப் போதும்? சென்ற மூன்றாண்டிற் பங்குகளின் தொகை எவ்வளவு பெருகியது? கொழும்புப் பங்குச் சந்தையிற் பதிவான கம்பனியாயின் இவற்றுட் பலவற்றுக்கு ஆண்டறிக்கையில் விடை கிடைக்கும். ஆண்டறிக்கையே இல்லாது, வாய்மொழியும் வாக்குறுதியும் மட்டும் காட்டுவோரிடம் ஒரு சதமும் கொடுத்தல் ஆகாது. எல்லா விடைகளும் நன்றாயினும், இழந்தால் உணவும் மருந்தும் படிப்பும் குறையாத தொகையையே இத்தகைய பங்கில் இடுதல் தகும். சேமலாப நிதி அத்தகைய தொகை அன்று.

வள்ளுவர் தெரிந்து செயல்வகை என ஓர் அதிகாரமே வகுத்தார். போவது, வருவது, பின்னர் நிற்கும் ஊதியம் என்னும் மூன்றையும் அவர் அங்கே தனித்தனியே எண்ணச் சொல்கின்றார். பிறர் இரண்டாவதையே உரக்கக் கூறுவர். ஏனைய இரண்டையும் நாமே தேட வேண்டும்.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் கணக்காளர் உளர்; வங்கி அலுவலர் உளர்; பொறியியலாளர் உளர். இவ்விழா ஆண்டில் அவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஓய்வுபெறும் பெற்றோர்க்கு ஆண்டறிக்கை ஒன்றை விரித்து வைத்துத் தமிழில் விளக்குவாராயின், அது இக்கல்லூரி தந்த கல்விக்குத் தக்க கைம்மாறாகும். அக்கூட்டத்துக்கு வேண்டிய கரும்பலகையையும் இருக்கைகளையும் ஆசிரியராகிய நாம் ஆயத்தம் செய்வோம்.