‘டக்… டக்…’ சத்தம் கேட்கிறதா? கம்ப்யூட்டரை உடனே அணையுங்கள்!

மகளின் காதுகுத்து வீடியோ, தாத்தா - பாட்டியின் அறுபதாம் கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் நகல்… எல்லாம் இருப்பது வீட்டிலுள்ள அந்த ஒரே கம்ப்யூட்டரில். ஒருநாள் காலை ஸ்விட்ச்சைப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் மட்டும் நிற்கிறது. வீட்டில் உள்ளவர்கள் பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். பல நேரங்களில், டிஸ்க் பழுதானதைவிட இந்தப் பதற்றம்தான் அதிக நஷ்டத்தைக் கொண்டுவருகிறது.

புது ஹார்டு டிஸ்க்கைக் கடையில் வாங்கிவிடலாம். காதுகுத்து வீடியோவை வாங்க முடியாது. ஆகவே முதலில் படங்களைக் காப்பாற்ற வேண்டும். ரிப்பேர் அதற்குப் பிறகுதான்.

காது கொடுத்துக் கேளுங்கள்

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தகவலைப் படிக்கும் ‘ஹெட்’ அவற்றைத் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். அந்த இடைவெளியில் ஒரு தூசி என்பது சாலையில் கிடக்கும் பாறை மாதிரி.

‘டக்… டக்…’ என்று சீராகச் சத்தம் வந்தால், ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று பொருள். கரகரவென்று உரசும் சத்தம் அதைவிட மோசம். இரண்டில் எது கேட்டாலும் கம்ப்யூட்டரை உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்த படம் திரும்பி வராது.

சத்தம் இல்லையென்றால்…

பழுது டிஸ்க்கில் இல்லாமலும் இருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கேபினெட்டைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் பவர் கேபிளையும் டேட்டா கேபிளையும் கழற்றி அழுத்தமாகச் செருகுங்கள். முடிந்தால் வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள். வெளியே இணைக்கும் டிஸ்க் என்றால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றினாலே சில சமயம் சரியாகிவிடும்.

அடுத்து, ஆன் செய்யும்போது எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டி ‘பயாஸ்’ பக்கத்துக்குப் போங்கள். எந்த விசை என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. விண்டோஸ் மட்டும் கெட்டிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, முக்கியமான ஃபோல்டர்களை முதலில் காப்பி எடுங்கள். சினிமாக்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்! டிஸ்க்கில் ‘பிட்லாக்கர்’ பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அதை இப்போதே குறித்து வைத்திருப்பது நல்லது.

‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால்

‘வேண்டாம்’ என்றே பதில் சொல்லுங்கள். ‘செக் டிஸ்க்’ கட்டளையையும் அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். அது ஃபைல் அமைப்பையே மாற்றி எழுதக்கூடியது. நலிந்த டிஸ்க்குக்குக் கடும் வேலையும் கொடுக்கும். காப்பி எடுத்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம். ரெக்கவரி சாஃப்ட்வேர் போடுவதென்றால் பழுதான டிஸ்க்கிலேயே போடக் கூடாது. மீட்க வேண்டிய படத்தின் மேலேயே அது எழுதிவிடலாம்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்க்கைத் திறந்து பார்ப்பதும் கூடாது. ஹெட் மாற்றும் வேலையைத் தூசியில்லாத ‘க்ளீன் ரூம்’ வசதியுள்ள இடத்தில்தான் செய்ய முடியும். செலவு பல ஆயிரங்களுக்குப் போகும். அதனால் கொடுப்பதற்கு முன், சோதிக்க எவ்வளவு, தகவல் கிடைக்காவிட்டால் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். டிஸ்க் தன் உடல்நிலையை ‘ஸ்மார்ட்’ என்ற பதிவேட்டில் தானே குறித்துவைக்கிறது. ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேரில் அதைப் பார்க்கலாம். ‘ரீஅலோகேட்டட் செக்டர்’, ‘பெண்டிங் செக்டர்’ எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால், எல்லாம் நலம் என்று காட்டிய டிஸ்க்கும் திடீரென்று நின்றுபோவது உண்டு. எஸ்எஸ்டி-யில் சுழலும் பாகமே இல்லை என்பதால் சத்தம்கூடக் கொடுக்காமல் போய்விடும்.

காப்பாற்றியது வீட்டுப் பிரதி

1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் ஃபைல்கள் தவறுதலாக அழிக்கப்பட்டன. பேக்கப்பும் ஒழுங்காக இயங்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பிரதிதான் கைகொடுத்தது.

வீட்டுக்கும் அதே பாடம்தான். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, ஊரிலுள்ள அக்கா வீட்டிலோ க்ளவுடிலோ ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியிலிருந்து நாலு படத்தைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால், முதல் பிரதியைத் தொடங்கிவிடலாம்.