கூரையேறிய ஞாயிறு

சிலப்பதிகாரத்தைப் பாடப் புகுந்த இளங்கோவடிகள், திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் முதற்கண் வாழ்த்தினார். காப்பியத்தின் தலைவாயிலிற் கடவுளை அன்றோ வாழ்த்துதல் வேண்டும் என ஐயுறும் மாணவர்க்கு ஆசிரியர் கூறும் விடைகள் பல. அவற்றுள் எமக்கு உகந்தது ஒன்று: இம்மூன்றும் எவர்க்கும் தனியுடைமை அல்ல, அரண்மனை முற்றத்துக்கும் ஆயர் குடிசைக்கும் ஒருபடித்தாகவே அருள்வன. அந்தப் பொதுமை இன்றும் நிலவுகின்றதா என்னும் வினாவைக் கண்டி மாநகரின் கூரைகள் இப்பொழுது எழுப்பியுள்ளன.

மலைநாட்டின் மின்விளக்கு நெடுங்காலம் மழையின் கொடையாகவே இருந்தது. பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டு மறிக்கப்பெற்ற மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே சென்று உக்குவளையில் மின்னாகியது. 1985ஆம் ஆண்டு விக்டோரியா அணை எழுந்தது. 210 மெகாவாற்று ஆற்றலுடைய அந்நிலையத்தின் பொருட்டுப் பழைய தெல்தெனிய நகரம் நீருள் ஆழ்ந்தது. எனினும் மழை பொய்க்கும் ஆண்டுகளில் நாடு எண்ணெயையும் நிலக்கரியையும் கடல் கடந்து வாங்கியே விளக்கேற்ற வேண்டியிருந்தது.

இந்நிலையிலேதான் அரசாங்கம் ஞாயிற்றை நாடியது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் பெயரால் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. பத்து இலட்சம் கூரைகளில் மின் விளைவித்தல் அதன் நோக்கம். 2025ஆம் ஆண்டுக்குள் 1,000 மெகாவாற்று அதன் இலக்கு. வீட்டாருக்கு மூன்று வழிகள் திறந்துவிடப்பட்டன. மிஞ்சிய மின்னை அலகாகவே வரவு வைத்துப் பின்னர்க் கழித்துக்கொள்வது முதலாவது வழி. மிஞ்சியதற்குப் பணம் பெறுவது இரண்டாவது. விளைந்தது முழுவதையும் விற்றுவிட்டு, நுகர்வுக்குத் தனியே கட்டணம் செலுத்துவது மூன்றாவது. ஒப்பந்தக் காலம் 20 ஆண்டு. முதல் 7 ஆண்டும் அலகொன்றுக்கு 22 ரூபாவும், எஞ்சிய 13 ஆண்டும் 15 ரூபா 50 சதமும் விலையென வகுத்தனர். புதிதாக இணைவோர்க்குரிய விலை பின்னர் 37 ரூபா வரை ஏறி, 27 ரூபாவாக இறங்கி, 2025இல் மேலும் தாழ்ந்தது.

கொள்கை பலித்தது என்பதிற் ஐயமில்லை. கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, பேராதனை எங்கணும் கருநீலத் தகடுகள் ஓட்டின்மேல் ஒளிர்கின்றன. பூமத்திய கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே உள்ள கண்டியில் ஞாயிறு ஆண்டு முழுவதும் உச்சியை அடுத்தே செல்கின்றது. மாலை மழையும் ஹந்தானைச் சரிவின் நிழலும் சிறிது குறைத்தாலும், ஒரு கிலோவாற்றுத் தொகுதி திங்களொன்றுக்கு ஏறத்தாழ 100 அலகு தருதல் கூடும்.

ஆயினும் இக்கொள்கை இரண்டு வினாக்களைக் கேட்க மறந்தது. எந்த வேளையில் மின் வேண்டும் என்பது ஒன்று. எவருடைய கூரை என்பது மற்றொன்று.

வேளையை முதலில் நோக்குவோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நாடு இருண்டு கிடந்தபோது, கூரையிற் தகடு பதித்தோர் பலரும் அயலாரோடு சேர்ந்தே இருளில் இருந்தனர். கம்பியிற் பணிபுரிவோர் உயிருக்கு ஊறு நேராதவாறு, வலையமைப்பு அணைந்ததும் கூரைத் தொகுதியும் தானே அணையுமாறு அமைக்கப்பட்டுள்ளது. சேமிப்பு மின்கலம் இல்லாதவர்க்கு நண்பகல் வெயிலும் அப்போது பயன்படவில்லை.

இதன் மறுபுறம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் புலப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை மின் உபநிலையத்திற் குரங்கொன்று புகுந்ததனால் நாடு முழுவதும் இருண்டது என்றதும் உலகம் நகைத்தது. குரங்கு தீப்பொறி மட்டுமே. விறகு வேறிடத்தில் அடுக்கப்பட்டிருந்தது. குயவன் திகிரி கனத்தது. கை தவறித் தட்டினாலும் சுழற்சி குலையாது. நீராலும் நீராவியாலும் சுழலும் பேரியந்திரங்கள் அத்தகையன. கூரைத் தகட்டுக்கோ சுழலும் திகிரி இல்லை. தொழிலகங்கள் மூடிக்கிடக்கும் விடுமுறை நண்பகலில் வெயில் மின் மிகுந்து, பேரியந்திரங்கள் அருகியிருந்தமையால், சிறு அதிர்ச்சியும் பேரிடராய்ப் பரவியது.

அதனை அடுத்து வந்தது சித்திரைப் புத்தாண்டு. ஞாயிறு மேட இராசியிற் புகும் நாளையே நாம் ஆண்டின் தலைநாளாகக் கொண்டாடுகின்றோம். அந்த ஏப்ரலில், 13ஆம் நாள் தொடங்கி 21ஆம் நாள் வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டிக்கொண்டது. மருத்துநீர் வைத்து, கைவிசேடம் வழங்கி, ஞாயிற்றை வணங்கிய கையாலேயே அவன் தந்த மின்னை நிறுத்த வேண்டியதாயிற்று! பத்து இலட்சம் கூரைகளை அழைத்தவர்கள், அவை விளைவிப்பதைச் சேர்த்துவைக்கப் பத்தாயம் கட்டாமற்போன குறையே இது.

பத்தாயம் முழுவதையும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெயில் விளைவிக்கும் பகலில் விக்டோரியாவின் மடையை அடக்கி, அடுப்பும் விளக்கும் எரியும் மாலையில் திறந்துவிட்டால், அணையே சேமிப்பாகின்றது. உழவர்க்கு நீர்விடும் முறை இடந்தரும் அளவுக்கு இதனைச் செய்யலாம். எஞ்சியதற்கே மின்கலம் வேண்டும். மின்கலம் வைத்து மாலையில் மின் தருவோர்க்கு உயர்ந்த விலை அளித்தலே முறை. ஞாயிறும் மழையும் கைகோத்தாலன்றித் திங்கள் தோன்றும் வேளையில் நம் வீட்டில் விளக்கு இராது.

இனி, எவருடைய கூரை என்னும் வினா. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை, கண்டியிலிருந்து தொலைவில் இல்லை. அப்பக்கமாக ஹேவாஹெட்டை, கலகா, தெல்தோட்டை நெடுகிலும் லயன்கள் உள்ளன. நீண்ட ஒரே தகரக் கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள். தலைமுறை பல கடந்தும் அக்கூரை அவர்களுடையதன்று, தோட்டத்துடையது. காணி உறுதி இல்லாதவர் தமக்கெனக் கூரையொப்பந்தத்திற் கையொப்பமிடுவது எங்ஙனம்? உறுதி இருப்பினும், தகடு வாங்க முதலாகப் பல இலட்சம் ரூபா வேண்டுமே! கொள்கை தந்த விலை, முதல் உள்ளவனுக்கு வருவாய். இல்லாதவனுக்கு வெறும் செய்தி.

அயல்நாடாகிய இந்தியா 2024இல் தொடங்கிய ஒரு கோடி வீட்டுத் திட்டத்தில், 3 கிலோவாற்றுத் தொகுதிக்கு 78,000 இந்திய ரூபா வரை மானியமாக அளிக்கின்றது. விளைவுக்கு விலை தருவதோடு விதைப்புக்கும் உதவுதல் என்னும் நெறி இது. ஆயினும் கூரையே தமதல்லாதார்க்கு அதுவும் போதாது. அன்னார்க்குப் பொதுக்கூரையே வழி. புத்தாண்டில் தகடுகளை நிறுத்தச் சொன்ன அதே ஏப்ரலில், இந்திய நன்கொடையால் 5,000 மதத்தலங்களின் கூரைகளில் 25 மெகாவாற்று மின் விளைவிக்கும் திட்டம் இலங்கையில் தொடக்கிவைக்கப்பட்டது. கோயிற் கூரைக்கு இயன்றது தோட்டப் பள்ளிக்கூடத்தின் கூரைக்கும், சிறுவர் காப்பகத்தின் கூரைக்கும் இயலாதா? அங்கு விளையும் மின்னை லயத்துக் குடும்பங்களின் மின்மானிகளிற் பகிர்ந்து வரவு வைக்கச் சட்டம் இடந்தருமாயின், உறுதி இல்லாத குடும்பமும் வெயிலின் பங்கைப் பெறும். நகரிலும், 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட பழைய ஓட்டுக் கூரைகளின் எழில் கெடாமல், பள்ளி, மருத்துவமனை, சந்தை ஆகியவற்றின் பெருங்கூரைகளை முதலிற் பயன்படுத்துதல் தகும்.

விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே கொள்கை ஆகாது. நண்பகலில் மிகுந்ததை மாலைக்குச் சேர்ப்பதும், கூரை உடையார் பெற்றதைக் கூரை இல்லாதார்க்கும் பகிர்வதும் அதன் கடன். சிலம்பின் வாயிலில் நிற்கும் அந்த மூன்றும் இன்றும் கண்டி மலைகளின்மேல் வேற்றுமையின்றியே வருகின்றன. லயத்துத் தகரத்தின்மேல் விழும் வெயில், மாலையில் அங்கு பாடம் படிக்கும் பிள்ளையின் மேசைக்கு விளக்காக வருதல் வேண்டும். அதுவரை இத்திட்டம் நிறைவெய்தியது என்று எவரும் கூறற்க.