நாய்க்கு ஏன் மூச்சிரைக்கிறது?

கோடை விடுமுறை. குடும்பத்தோடு காரில் ஊருக்குப் புறப்படுகிறீர்கள். வீட்டு நாயும் உடன் வருகிறது. பாதி வழியில் அது வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கத் தொடங்குகிறது. ஓடாமல் உட்கார்ந்திருக்கும் நாய்க்கு ஏன் இரைக்கிறது?

புழுக்கத்தில் நமக்கு உடலெங்கும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, உடல் குளிர்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இப்படித்தான். நாய்க்கோ பாதங்களின் அடியில்தான் சிறிது வியர்க்கும். அது போதாது. ஆகவே நாக்கு, வாய், மூக்கின் உட்புறம் ஆகியவற்றிலுள்ள ஈரத்தின் மேல் காற்றை வேகவேகமாகச் செலுத்தி, அந்த ஈரத்தை ஆவியாக்குகிறது. மூச்சிரைப்புதான் நாயின் குளிர்சாதனம்!

இச்சாதனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. அதனால் கடலோர ஊர்களின் புழுக்கம் நாயை அதிகம் வாட்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குக் காற்றுப்பாதை குறுகல். அவற்றின் பாடு இன்னும் கடினம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

சாலையோர ஓட்டலில் காரை நிறுத்துகிறோம். "பத்து நிமிடத்தில் வந்துவிடலாம், நாய் உள்ளேயே இருக்கட்டும்" என்கிறார் ஒருவர். கூடாது! சூரிய ஒளி கண்ணாடி வழியே நுழைந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பெரிய பயனில்லை. நம் ஊரில் வெளியே 35 டிகிரி என்றால் உள்ளே என்ன ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள். அந்தச் சுடு காற்றில் எவ்வளவு இரைத்தும் நாயின் உடல் தணியாது.

ஆகவே, நிற்கும் இடத்தை நாய்க்கும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். புளியமரமோ வேப்பமரமோ நிழல் தரும் இடம் நல்லது. கதவைத் திறக்குமுன் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டுங்கள். உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத தார்ச்சாலையை நாயின் பாதமும் பொறுக்காது, மண்தரையில் நடத்துங்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். பிறகு செடி செடியாக முகர்ந்துகொண்டே நடக்க விடுங்கள். புதிய இடத்தை அது மூக்கால்தான் அறிகிறது. நீண்ட நடையைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் தள்ளாடினாலோ, இரைப்பு அடங்காவிட்டாலோ நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.

மரத்தடி ஏன் அவ்வளவு குளிர்ச்சி? நிழல் மட்டும் காரணமல்ல. இலைகளும் நீரை ஆவியாக்கிக் குளிர்கின்றன. பானை, நாக்கு, இலை மூன்றும் செய்வது ஒரே வேலைதான்!

செய்து பாருங்கள்: ஒரு புறங்கையை மட்டும் நனைத்து, இரண்டு கைகளின் மேலும் ஊதுங்கள். எது குளிர்கிறது? ஏன்?