சொல் பிறக்கும் இடம்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் சாலையில், பாலாற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் பழையசீவரம். மறுகரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடமாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. கலந்தபின் எது எந்த ஆற்றின் நீர் என்று யாரால் பிரித்துரைக்க இயலும்? நாம் பேசும் பேச்சும் அத்தகைய ஒரு கூடலே. கேட்பது, பொருளுணர்வது, மறுமொழி கூறுவது ஆகிய மூன்றும் கண்ணிமைக்கும் பொழுதில் நிகழ்ந்துவிடுவதால், அவை வெவ்வேறு பணிகள் என்பதையே நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றுள் ஒன்று நின்றுபோகும்போதுதான் உண்மை விளங்குகிறது.

பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர்கள் இருக்கும் இல்லங்கள் நம் பங்குகளில் உண்டு. "அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, சொன்னாலும் விளங்காது" என்று அவர்கள் எதிரிலேயே பேசிவிடுகிறோம். அது சரிதானா?

இரு மருத்துவர்கள் கண்டது

1861-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் மருத்துவர் ஒரு நோயாளியைக் கண்டார். அந்த மனிதர் பல ஆண்டுகளாக எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓரொலியையே மறுமொழியாகக் கூறிவந்தார். ஆயினும் பிறர் சொல்வதில் பெரும்பகுதி அவருக்கு விளங்கியது. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது, இடப்பக்க மூளையின் முன்பகுதி சிதைந்திருந்தது. 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நிலையை விளக்கினார். இடப்பக்கத்தில் காதுக்கு அருகிலுள்ள பகுதியின் பின்புறம் கெட்டால், நோயாளி தங்குதடையின்றிப் பேசுவார். ஆனால் அப்பேச்சில் பொருள் இராது. பிறர் பேச்சும் அவருக்கு விளங்காது.

மொழி இவ்விரு இடங்களில் மட்டும் குடியிருப்பதன்று. பல பகுதிகளும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளும் சேர்ந்த பின்னலே அது என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் 45 மொழிகளைப் பேசுவோரின் மூளைகளை ஒப்பிட்டு, அடிப்படையில் ஒரே வகையான பின்னலையே எங்கும் கண்டது. மொழிகள் பலவாயினும் அவற்றைத் தாங்கும் மூளையின் அமைப்பு ஒன்றே.

வலக்கைப் பழக்கமுள்ளோரில் மிகப் பெரும்பாலோர்க்கு மொழியின் தலைமை இடப்பக்க மூளையிடமே உள்ளது. அதே பக்கம்தான் உடலின் வலப்பாதியையும் ஆள்கிறது. வலக்கை, வலக்கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் அடிக்கடி போய்விடுவதன் காரணம் இதுவே.

செக்கரியாவும் பேச்சிழப்பும்

பேச இயலாமை எல்லாம் ஒன்றன்று. லூக்கா நற்செய்தியில் செக்கரியா நா கட்டுண்டிருந்தார். எனினும் எழுதுபலகை கேட்டு வாங்கி, மகனுக்கு இட வேண்டிய பெயரைப் பிழையின்றி எழுதினார். அவரிடம் மொழி குறையவில்லை, ஒலி மட்டுமே நின்றிருந்தது. பக்கவாதத்தில் மூளையின் மொழிப்பகுதி தாக்கப்படும்போது பெரும்பாலும் எழுத்தும் குன்றிவிடும். ஆகவே, "பேச வராவிட்டால் எழுதிக் காட்டுங்கள்" என்று அவர்களை வற்புறுத்துவது பயன்தராது. ஆயினும் சொல் போயிற்று என்பதற்காக அறிவும் அன்பும் போய்விட்டன என்று கொள்ளலாகாது. உற்றாரை அறிவர், அவமதிப்பை உணர்வர்.

இன்னும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. தண்ணீர் வேண்டும் என்று கேட்கச் சொல் கிடைக்காமல் தவிப்பவர், மாலையில் செபமாலை தொடங்கியதும் பிறரோடு சேர்ந்து செபத்தைத் தடையின்றிச் சொல்லக்கூடும். ஞானப்பாடலைப் பாடவும் கூடும். பன்னெடுங்காலம் சொல்லிப் பழகிய தொடர்களும் இசையும் புதிதாகப் பேச்சை ஆக்கும் வழியை முழுதும் சார்ந்திராதவை; வலப்பக்க மூளையும் அவற்றில் பங்குகொள்வதாக அறிஞர் கருதுகின்றனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1970-களில் பாட்டின் வழியே பேச்சை மீட்கும் பயிற்சிமுறையொன்று உருவானதும் இவ்வுண்மையைக் கொண்டே.

இரு மொழியின் பயன்

வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நம் காஞ்சி வட்டாரத்திற்குப் புதியன அல்ல. இரு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று அஞ்சுவோரும் உளர். ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் துணைவரும் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு அந்நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது.

2016-இல் பக்கவாதம் கண்ட 608 பேரை ஆராய்ந்தபோது, சிந்தனைத்திறன் குன்றாதிருந்தோர் பன்மொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒரு மொழியாளரில் 19.6 விழுக்காடு. பேச்சிழப்பைப் பொறுத்தமட்டில் இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. பல மொழி அறிவது நோயைத் தடுக்கும் கவசமன்று. மூளைக்கு நாள்தோறும் கிடைக்கும் நற்பயிற்சியாக இருக்கலாம்.

குடும்பத்தார் கடமை

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆதலால் மூளையை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனையே நாடத்தக்கது. கை வைத்தியம் பார்த்து விடியட்டும் என்று காத்திருப்பது பேச்சையும் உயிரையும் பணயம் வைப்பதாகும். நோயாளியின் வாயில் நீரோ மருந்தோ ஊற்றலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

நோய் தணிந்து வீடு திரும்பியபின் பேச்சுப் பயிற்சியாளரின் துணையை நாடுவோம். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும், சிறுசிறு வாக்கியங்களாகப் பேசுவோம். "காப்பியா, பாலா?" என்று பொருளைக் காட்டிக் கேட்போம். மறுமொழி வரும்வரை பொறுத்திருப்போம். அவர் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். திங்கள் பல கடந்த பின்னும் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்புவதுண்டு.

"அப்பாவால்தான் பேச முடியாதே" என்று பங்குக் குருவை அழையாதிருப்பதும் தவறு. பேச இயலாதவர் தலையசைப்பாலும் சைகையாலும் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்பது திருச்சபையின் நெடுநாள் வழக்கம். அவரிடம் சொல் இல்லாதிருக்கலாம். சொல்வதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. அதைக் கேட்கும் பொறுமைதான் இனி நம் வேலை.