ஹேண்ட் பிரேக் மேலே மேலே வருகிறதா? கேபிளை இறுக்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்க!

போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். சரிவான இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுத்தான் அப்பா இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கார் மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். அப்பா பாய்ந்து ஏறி பிரேக்கை மிதித்ததால் தப்பித்தோம். அதற்கு முந்தைய வாரம்தான், ‘ஹேண்ட் பிரேக் டைட் வெச்சாச்சு சார்’ என்று சொல்லி சர்வீஸில் வண்டியைக் கொடுத்திருந்தார்கள்!

ஊர் திரும்பியதும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். ஆல்ட்டோ, வேகன்ஆர் போன்ற சிறிய கார்களில் முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம். டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டரும், ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிளும் இதே ஷூக்களைத்தான் டிரம்மோடு அழுத்துகின்றன. லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்டும் அட்ஜஸ்டரும் உள்ளேயே இருக்கிறது. எங்கள் காரில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. போதாததற்கு வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுக்க பிரேக் ஆயில். டிரம்மைத் திறக்காமலே கேபிளை மட்டும் இறுக்கியிருக்கிறார்கள். லீவர் கைக்கு டைட்டாக இருந்ததால் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள். வரிசை மாறினால் கேபிள் எப்போதும் பாதி இழுபட்டே நிற்கும். தானியங்கி அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் அளவுக்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில். ஆயில் ஊறிய லைனிங்கைத் துடைத்துப் போடக் கூடாது. இரு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் தடுத்துவிடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. ஹேண்ட் பிரேக் எத்தனை ‘கிளிக்’கில் பிடிக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். பிரேக் ஆயில் அளவு திடீரென இறங்கினாலோ, பின் டயரின் உட்புறம் ஈரமாகத் தெரிந்தாலோ அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மேட்டைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர். அப்பா டிக்கியில் இரண்டு மரக்கட்டைகளையும் போட்டு வைத்திருக்கிறார்.