இலாபம் பளபளப்பில் இல்லை, பிரைமரில் இருக்கிறது

"பழைய கார் ஒன்றை வாங்கித் திருத்தி, எல்லவுக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் வாடகைக்கு விட்டால் கட்டுமா?" பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து வியாபார நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் கேட்கும் கேள்வி இது. மோட்டார் பெயின்டும் உதிரிப்பாகமும் விற்கும் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் என் பதில்: கட்டும். ஆனால் கார் வாங்குமுன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது கலர். "பழைய கிறீம் கலர் இருக்கிறதா, கரும்பச்சை இருக்கிறதா?" என்பார்கள். அடியில் எந்தப் பிரைமர் போடுவது என்று முதலில் கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தத் தொழிலில் பணம் தொலைவதும் தங்குவதும் அந்த அடிப்பூச்சில்தான்.

பழையது வேறு, அரியது வேறு

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியது. அந்த ஏற்றத்தைப் பார்த்து இப்போது பழைய காரில் காசு போட நினைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெறுமனே பழைய கார், புதியது வந்ததும் போட்டியில் இறங்கிவிடும். ஒழுங்காகத் திருத்திய அரிய காருக்குப் போட்டி புதிய கார் அல்ல. அதனோடு போட்டியிடுவது அதே வகைக் காரில் இன்னொன்று. ஆகவே திருத்தத்தின் தரம்தான் விலை.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் மொரிஸ் மைனர். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் கார், மொத்தம் 16 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். தயாரிப்பு 1970களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னர் இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், புதிய கார் வாங்கித் தேய்ப்பதைவிடப் பழையதைப் பேணி ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்டார். 1990களில் இலங்கைப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து, மைனருக்கான பொடித் தகடுகளை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். கார் பிறந்த நாட்டுக்கே தகடு அனுப்பிய டிங்கர் கைகள் நம்மிடம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

அடிப்பூச்சு என்ன செய்கிறது?

மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. பொடியே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் சில், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் ஆகியவற்றில் கறள் பிடித்தால் அது அழகுக் குறை மட்டுமல்ல, உயிர் ஆபத்து. எனவே அந்த இடங்களில் தகடு வெட்டி ஒட்டாமல் புட்டியால் நிரப்பும் வேலையை எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம்.

தகடு வேலை முடிந்து வெறும் இரும்பு வெளியே வந்ததும் நேரம் ஓடத் தொடங்குகிறது. ஈரக்காற்றில் வெறும் இரும்பு சில மணி நேரத்திலேயே மெல்லிய கறள் பிடிக்கும். கையால் தொட்டாலே வியர்வை அடையாளம் விழும். எனவே எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றைக்கே ஹாட்னர் கலந்த எபொக்சி பிரைமரை அடிப்பதுதான் முறை. இரும்பையும் ஈரத்தையும் பிரித்து வைப்பது இந்தப் பூச்சு.

அதற்கு மேல் தேவையான இடத்தில் மட்டும் மெல்லிய புட்டி. பிறகு மேடு பள்ளத்தை மறைக்கும் தடித்த பிரைமர் இரண்டு அல்லது மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் தின்னர் பறந்து போகப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். காய்ந்தபின் வேறு நிறத்தில் ஒரு தூவல் போட்டு, கட்டையில் சுற்றிய சண்ட் பேப்பரால் தேய்த்தால் பள்ளமான இடத்தில் அந்த நிறம் மிஞ்சி நின்று காட்டிக்கொடுக்கும். 180 இல் தொடங்கி 320, 400, 600 என்று ஏறிப் போவது வழமை.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. புட்டியும் தடித்த பிரைமரும் ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. "பிரைமர் அடித்தாயிற்று, இனி மழையில் நின்றாலும் பரவாயில்லை" என்று காரை வெளியில் விட்டால், அந்த ஈரம் மேல்பூச்சுக்கு அடியில் சிறைப்படும். சில மாதங்களில் அம்மை போட்டதுபோல் கொப்புளம் கிளம்பும்.

எல்லவின் மூடுபனி

கொழும்பில் செய்யும் வேலையை அப்படியே எல்லவில் செய்ய முடியாது. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட உயரம். காலையில் மூடுபனி, வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிபடுநிலை என்கிறோம். பெயின்ட் அடிக்கும் இரும்பு அதைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பூச்சுத் தொழிலில் பொது விதி. விடியற்காலைக் குளிரில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகட்டில் இருக்கும். அதன்மேல் அடித்த பிரைமர் பிடிக்காது. ஹாட்னர் கலந்த பூச்சில் ஈரம் சேர்ந்தால் வாயு உண்டாகி ஊசித்துளைகள் விழும்.

ஆகவே மலைநாட்டுக் கராஜில் நல்ல வெயில் நாளில், காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஸ்பிரே வேலையை முடிப்பது நல்லது. கொம்பிரசர் தாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், குழாயில் ஈரம் பிடிக்கும் பில்டர் இருக்க வேண்டும். வேலை செய்பவரின் சுவாசத்தையும் மறக்கக் கூடாது. ஹாட்னரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். துணியும் தூசி முகமூடியும் அதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் மூலம் தரும் முகமூடியே பாதுகாப்பு.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், சீசனுக்குள் வேண்டும் என்று மழைக்காலத்தில் அவசரப்படுத்திச் செய்த கார் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கினார். கையில் வந்தபோது கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த மழைக்காலம் முடியுமுன் கதவுகளுக்குக் கீழே வரிசையாகக் கொப்புளம். துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் பல இடங்களில் ஒட்டவே இல்லை. அடியில் இரும்பு இல்லை, புட்டிதான் இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி மீண்டும் செய்ததில் இரண்டு வருட வாடகை வருமானம் போயிற்று. வாங்குமுன் செய்யும் காந்தப் பரீட்சைக்குச் செலவு எதுவுமில்லை.

டாஷ்போர்ட்: வெட்டாதீர்கள், சேருங்கள்

வாடகைக்கு விடும் காரில் பயணிக்குத் தெரிவது டாஷ்போர்ட். 1954 இன் பிற்பகுதியிலிருந்து வந்த மைனர்களில் நடுவில் ஒரே ஒரு பெரிய ஸ்பீடோமீட்டர், இரு பக்கமும் சாமான் தட்டு. அந்த எளிமைக்காகத்தான் ரசிகர்கள் காசு கொடுக்கிறார்கள். நவீன ரேடியோவுக்காக அந்தத் தகட்டை வெட்டிய நாளில் காரின் பெறுமதியும் வெட்டப்படுகிறது. மாற்றம் வேண்டுமாயின், ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகி, நாளை கழற்றக்கூடிய தேக்கு அல்லது பலாப் பலகைத் தட்டாகச் செய்யுங்கள்.

மைனரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டர் கம்பெனியிலிருந்து வரவில்லை. வெல்லவாயவிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து எல்லவுக்கு ஏறும் காருக்கு அது அலங்காரம் அல்ல, அவசியம். மெல்லிய குழாயால் இயங்கும் பழைய வகை மீட்டருக்கு மின்சாரமே தேவையில்லை, பார்வைக்கும் பொருந்தும்.

மின்சாரத்தில் இன்னொரு எச்சரிக்கை. மைனரில் பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய ரேடியோவின் வெளிப்பெட்டி நெகட்டிவ். அதை அப்படியே தகட்டில் பொருத்தினால் ஷோர்ட் ஆகும். டைனமோவின் துருவத்தை மாற்றி, இக்னிஷன் கொயில் வயர்களை இடம் மாற்றி, பட்டரியைத் திருப்பிய பின்னரே புதிய சாதனம். மைனரின் பழைய வயரிங்கில் இரண்டே பியூஸ்கள்தான். எதைச் சேர்த்தாலும் அதற்குத் தனிப் பியூஸ் போட வேண்டும்.

எழுத்தில் இருக்கட்டும்

கராஜ் பாஸுடன் மொத்தத் தொகையாகப் பேசாதீர்கள். பழைய பெயின்ட் நீக்கியதும் ஒரு தவணை, தகடு வேலை முடிந்ததும் ஒன்று, பிரைமர் முடிந்ததும் ஒன்று, மேல்பூச்சுக்குப் பின் கடைசித் தவணை என்று நான்காகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் பாருங்கள், திகதியோடு படம் எடுத்து வையுங்கள். பாஸுக்கும் இது நன்மை. நாள் சம்பளம் கொடுத்து மூன்று வாரம் தேய்த்த உழைப்பு படத்தில் தெரியும்போது, கூலியைக் குறைக்க யாருக்கும் வாய் வராது.

கலரை மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். எஞ்சின், செசி இலக்கங்கள் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று முற்பணம் கொடுக்குமுன் பாருங்கள். வாடகைக்கு விடுவதாயின் காப்புறுதியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

என்றாவது ஒரு நாள் விற்கும்போது அந்தப் படங்களை வாங்குபவர் கையில் கொடுங்கள். எங்கே தகடு மாற்றினோம், எங்கே புட்டி இருக்கிறது என்பதைச் சொல்லியே விற்போம். ஈரத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பும் வியாபாரம் நமக்கு ஆகாது என்பது இப்பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. அடிப்பூச்சைத் திறந்து காட்டக்கூடிய வியாபாரியிடம்தான் அடுத்த காருக்கும் ஆள் வரும்.