தெருவை ஏன் கலரில் எடுத்தார் ரகுபீர் சிங்? ஒரு போட்டோ புத்தகமும் ஆதம்பாக்கமும்

மார்கழி மாதம், காலை ஏழு மணி. ஆதம்பாக்கம் கருணீகர் தெருப் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்றால் இப்படி ஒரு காட்சி எளிதாகக் கிடைக்கும்: கறுப்பு வேட்டியில் ஒருவர், சிவப்பு வேட்டியில் ஒருவர், காக்கிச் சட்டையில் ஒருவர். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். முதல் ஆள் சபரிமலைக்கு மாலை போட்டவர், அடுத்தவர் மேல்மருவத்தூர் பக்தர், மூன்றாமவர் ஆட்டோ ஓட்டுபவர். பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இப்போது அதை மொபைலில் ஒரு க்ளிக் எடுத்து, பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர் போடுங்கள். படம் ‘ஆர்ட்’ மாதிரி ஆகிவிடும். ஆனால் சாதாரண ஃபில்டரில் சிவப்பும் அடர் சாம்பலாகிவிடும் என்பதால், அதற்கும் கறுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று பேரைப் பற்றி தெரு சொன்ன தகவலில் பாதி காலி.

கிட்டத்தட்ட இந்தக் கேள்வியை வைத்துதான் ஒருவர் வாழ்நாள் முழுக்க இந்தியத் தெருக்களைப் படமெடுத்தார். அவர் பெயர் ரகுபீர் சிங். அவருடைய முப்பது ஆண்டு வேலையைத் திரும்பிப் பார்க்கும் புத்தகம் ‘ரிவர் ஆஃப் கலர்’, 1998-ல் பைடான் பதிப்பகம் வெளியிட்டது.

யார் இந்த ரகுபீர் சிங்?

1942-ல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் ஜெய்ப்பூரைப் பற்றி எடுத்த படங்களின் புத்தகம் வீட்டில் கண்ணில் பட்டது. பிறகு தேயிலைத் தோட்ட வேலை தேடி கொல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை, கேமராவைக் கையில் எடுத்தார். 1966-ல் அதே பிரெஸ்ஸோன் ஜெய்ப்பூர் வந்தபோது, அவர் எப்படித் தெருவில் வேலை செய்கிறார் என்று கூடவே இருந்து பார்த்தார்.

கங்கை, கொல்கத்தா, காசி, கேரளா, மும்பை என்று ஊர் ஊராகப் புத்தகங்கள் போட்டார். 1990-களில் தமிழ்நாட்டுக்கென்றே தனியாக ஒரு புத்தகம். 1999-ல் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தபோது வயது 56.

கலரில் எடுப்பது அவ்வளவு பெரிய விஷயமா?

இன்று இல்லை. அன்று பெரிய விஷயம். 1960, 70-களில் ‘கலைப் படம்’ என்றாலே கறுப்பு வெள்ளைதான். கலர் என்பது விளம்பரத்துக்கும் காலண்டருக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் வில்லியம் எக்கிள்ஸ்டனின் கலர் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1976-ல் காட்சிக்கு வைத்தபோதுகூட விமர்சகர்கள் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1974-ல், சிங்கின் கங்கை புத்தகம் கலரில் வந்துவிட்டது. பிகாரின் முங்கேரில் மழையில் நனைந்து ஒருவரோடு ஒருவர் ஒட்டி நிற்கும் பெண்களை எடுத்த புகழ்பெற்ற படம் அதற்கும் முந்தையது, 1967. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேலை செய்ததால், இங்கே கிடைப்பது அரிதாக இருந்த கலர் ஃபிலிம் அவர் கைக்கு வந்தது.

‘ரிவர் ஆஃப் கலர்’ புத்தகத்தின் கட்டுரையில் அவர் வைக்கும் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: கறுப்பு வெள்ளையின் இருட்டும் தனிமையும் மேற்கத்திய நவீனக் கலையின் மனநிலை. முகலாய, ராஜஸ்தானி சிற்றோவிய மரபில் வந்த இந்தியப் பார்வைக்கு நிறம் என்பது மேலே பூசுகிற அலங்காரம் இல்லை, அதுதான் விஷயமே.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆடி மாத மஞ்சள் புடவை, ஒரு தெருமுனைக் கொடிக்கம்பம், சுவர் விளம்பரம் என எல்லாமே இங்கே நிறத்தால்தான் பேசுகின்றன. எந்தக் கட்சிக் கொடி என்று கலர் இல்லாமல் சொல்லிப் பாருங்களேன்.

அப்படியானால் கறுப்பு வெள்ளை தப்பா?

தப்பில்லை. இதற்கு நேர் எதிர் உதாரணம் ஜப்பானின் டைடோ மொரியாமா. 1938-ல் பிறந்தவர். ‘புரோவோக்’ என்ற சிற்றிதழ் வட்டத்தில், 1960-களின் இறுதியில், சொரசொரப்பாக, கலங்கி, ஃபோகஸ் இல்லாமல் டோக்கியோவை எடுத்தார். 1971-ல் அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்த மிசாவாவில் அவர் எடுத்த தெருநாய் படம் உலகப் புகழ் பெற்றது. போரில் தோற்று, அமெரிக்கப் பொருட்கள் வந்து குவிந்த ஒரு நாட்டின் குழப்பம்தான் அந்தக் கறுப்பு. அவருடைய ரெட்ரோஸ்பெக்டிவ் கண்காட்சி 2022-ல் சாவ் பாவ்லோவிலும், 2023-ல் லண்டனிலும் நடந்தது.

இருவருக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான்: நிறத்தை வைப்பதற்கும் எடுப்பதற்கும் அவர்களிடம் காரணம் இருந்தது. ஃபில்டருக்கு அது கிடையாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது

2017 அக்டோபரில் நியூயார்க்கின் மெட் ப்ரூயர் அருங்காட்சியகம் சிங்கின் பெரிய கண்காட்சியை நடத்தியது. அந்த டிசம்பரில், அவர் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று குற்றம்சாட்டிய ஒரு பெண் கலைஞரின் தலைமையில் அருங்காட்சியக வாசலில் மௌனப் போராட்டம் நடந்தது. சிங் இறந்து 18 ஆண்டுகள் கழித்து எழுந்த குற்றச்சாட்டு இது. விசாரணைக்கோ அவரது பதிலுக்கோ வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை இனி புரட்டுபவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் புரட்ட வேண்டும்.

பழைய படங்களைத் தொகுப்பதால் என்ன பயன்?

சிங் இந்தியா முழுக்க அம்பாசிடர் காரைச் சட்டகமாக வைத்து எடுத்த படங்கள், அவர் இறந்த பிறகு 2002-ல் ‘எ வே இன்டு இந்தியா’ என்ற புத்தகமாக வந்தன. அப்போது அம்பாசிடர் ஓடிக்கொண்டிருந்த வண்டி. 2014-ல் உற்பத்தியே நின்றது. எடுத்த நாளில் சாதாரணமாக இருந்த கார், இன்று அந்தப் படங்களில் ஒரு காலகட்டமாகவே நிற்கிறது.

ஆதம்பாக்கத்துக்கும் இப்படி ஒன்று உண்டு. வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் பாதை வேலை 2008-ல் தொடங்கி, இங்கே சுமார் அரை கிலோமீட்டர் நிலப் பிரச்சினையால் ஆண்டுக்கணக்கில் நின்றது. பாதி கட்டிய தூண்களைப் பார்த்தபடியே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஸ்கூல் முடித்து காலேஜும் போய்விட்டார்கள். அந்த வருடங்களில் தூண்களைச் சுற்றித் தெரு எப்படி இருந்தது, வீட்டுச் சுவர்களுக்கு என்ன நிறம், எந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது? பதில் எங்கேயாவது இருந்தால், அது இந்த ஏரியாக்காரர்களின் பழைய போன்களில்தான் இருக்கும்.

அதனால் ஃபில்டர் போடுங்கள், பரவாயில்லை. ஆனால் அதற்கு முன் கலர் ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்து, தேதியும் தெருப் பெயரும் எழுதித் தனியாக வையுங்கள்.